பாப்பாவுக்குக் காது கேட்காது என்பதற்கு அத்தாட்சி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்காவுக்கு, மைக்செட் கடைத் தம்பி மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் முழங்காலும் மாமாவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்கின்றனவா என்று அறிய ஆசை. இதைப் போனிலேயே விசாரித்திருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். மூத்தவள் என்ற மரியாதையோடு சொல்கிறேன் அக்கா, போனில் நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் பாதி உன் பல்லைத் தாண்டி வெளியே வரவில்லை. வந்த பாதி முழுக்கக் கோபம் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. மீதியைப் பிறகு உன் தம்பி பெண்டாட்டி என்னை உட்காரவைத்து விளக்கினாள். "நல்லா இருக்கிற புள்ளைய ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துட்டுப் போயி, இதுக்குக் காது கேக்காதுன்னு எழுதி வாங்கிட்டு அலையறானே, அவனுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?" இதுதானே நீ கேட்டது? நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து படி.

பாப்பாவுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதும் பழுதானது உனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் நீ மறந்துபோனாய் என்றால் அது உன் தப்பில்லை, அவள் எல்லாரையும் மறக்கவைத்துவிடுவாள். காது மெஷின் முடிக்குள் மறைந்துவிடுகிறது. அது தருவதோ வெறும் சத்தம்தான், அந்தச் சத்தத்தில் என்ன பேச்சு இருக்கிறது என்பதை அவள் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிர் வீட்டு மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு போட்ட சண்டையை எங்கள் வாசலில் நின்றபடியே எங்களுக்கு நேரடி ஒலிபரப்பு செய்தவள் இவள். மைக்செட்காரன் மகள் அல்லவா. குரல்தான் கொஞ்சம் பெரிது, வீட்டுக்குள் பேசினால் தெருமுனைவரை போகும். காது கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிவிடுவேன். வீட்டில் நாங்களும் அவளுக்கு ஒத்தாசையாக, யார் என்ன பேசினாலும் அதைச் சத்தமில்லாமல் உதட்டால் ஒருமுறை திருப்பிச் சொல்வது வழக்கம். டிவியில் ஒருவர் செய்தி வாசித்தால் உன் தம்பி பெண்டாட்டி கூடவே உதட்டால் வாசிப்பாள், அவளைப் பார்த்து நானும் வாசிப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இது ஏதோ கூட்டு வழிபாடு என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள். எங்கள் மானத்தை வாங்கியது இதுதான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. சின்ன வகுப்பு, முதல் பெஞ்சு, எதையும் கரும்பலகையில் எழுதிப்போடுகிற ஆசிரியர்கள். கல்லூரியில் கதையே வேறு. இவள் எடுத்திருப்பது விலங்கியல். ஏன் அதை எடுத்தாள் என்று நீ ஒருநாள் கேட்டாய். சின்ன வயதிலிருந்தே பூச்சி புழு என்றால் அவளுக்கு உயிர். கடையில் ஓட்டையான ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் நத்தை வளர்த்தாள், அந்தப் பெட்டியைத் தெரியாமல் நான் ஒரு கூட்டத்துக்கு வாடகைக்கு அனுப்பி, பேச்சாளர் மேஜைமேல் நத்தை ஏறி, அது தனிக்கதை. ஆக, ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பு. ஆனால் பாடம் எடுக்கிற பேராசிரியருக்கு ஒரு மீசை இருக்கிறது. மீசை என்றால் மேலுதட்டோடு நின்றுவிடுகிற மீசை இல்லை, கீழுதட்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மீசை. அதற்குப் பின்னால் இருந்து அவர் பாடம் நடத்துகிறார். படம் காட்ட வேண்டும் என்று விளக்கையும் அணைத்துவிடுகிறார். அறுத்துப் பார்க்கிற வகுப்பில் எல்லாரும் முகமூடி போட்டுக்கொள்கிறார்கள். முதல் பரீட்சையில் அவர் வகுப்புக்குள் நடந்துகொண்டே கேள்விகளை வாயால் சொல்லியிருக்கிறார். அவர் முதுகைக் காட்டிச் சொன்ன ஒரு கேள்விக்கு இவள் ஊகத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். தாளில் அவர் "கேட்கப்படாத கேள்விக்கு மிகச் சிறந்த பதில்" என்று எழுதி முட்டை போட்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. வருடக் கடைசியில் வெளியிலிருந்து ஒருவர் வந்து, முகமூடியோடு மேஜைக்கு எதிரே நின்று, வாய்மொழியாகவே கேள்வி கேட்பாராம். அதில் தேறாவிட்டால் அடுத்த வருடத்துக்குப் போக முடியாது. பாப்பா அன்றைக்கு வந்து தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "எனக்குப் பதில் தெரியும்ப்பா. கேள்விதான் தெரியல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கல்லூரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. கேள்வியை எழுதிக் காட்டுவார்கள், முன்னால் இடம் தருவார்கள், வேண்டிய வசதி எல்லாம் செய்வார்கள், எல்லாம் அவள் உரிமை, யாரும் தர்மம் போடவில்லை. ஆனால் அத்தாட்சி வேண்டும். நான் பாப்பா குழந்தையாக இருந்தபோது எடுத்த பழைய காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். இது ரொம்பப் பழசு, இப்போதைய நிலைமைக்குப் புதுக் காகிதம் வேண்டும் என்றார் அங்கிருந்த எழுத்தர். "காது என்னங்க, நகமா, திரும்ப வளர்ந்திருக்கறதுக்கு?" என்று கேட்டேன். அவர் என்னவோ பதில் சொன்னார். அந்த அலுவலகத்தில் ஒருத்தருக்கும் வாயைத் திறந்து பேசுகிற வழக்கம் இல்லை அக்கா, எல்லாரும் கோந்து தின்றவர்கள் மாதிரி பேசுகிறார்கள். பாப்பாதான் என் பக்கம் திரும்பி, "சட்டம் அப்படிங்கறார்ப்பா, வாங்க போகலாம்" என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் நம் குடும்ப டாக்டரிடம் போனோம். அங்கே நடந்ததற்கு முழுப் பொறுப்பும் நான்தான். டாக்டர் அவளை எதிரே உட்காரவைத்து, முகத்துக்கு நேரே, நல்ல வெளிச்சத்தில், என்னம்மா படிக்கிறாய் என்று கேட்டார். இவள் டாண் டாண் என்று பதில் சொன்னாள். "சார், இது ஒண்ணுமே இல்ல, இவ பின்பக்கம் யாராவது கதவைத் தொறந்தாக்கூட தரை அதிர்றத வெச்சே கண்டுபிடிச்சிடுவா" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். நிஜமாகவா என்றார். நானே எழுந்து போய்க் கதவைத் திறந்து காட்டினேன். பாப்பா திரும்பாமலேயே, "அப்பா, டாக்டருக்கு வேலை இருக்கு, வந்து உக்காருங்க" என்றாள். அவர் அசந்துபோனார். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை, எதிர் வீட்டுச் சண்டைக் கதையையும் சொன்னேன். அவர் மனமார எழுதிக் கொடுத்த காகிதத்தை வீட்டுக்கு வந்துதான் படித்தோம். இந்தப் பெண் மிகத் தெளிவாக உரையாடுகிறாள், கூர்மையான கவனம் உடையவள், எந்தப் பணியிலும் சிறப்பாள் என்று எழுதியிருந்தார். உன் தம்பி பெண்டாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதக் கொண்டுபோனா வேலை கெடைக்கும், வசதி கெடைக்காது" என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் முறையான காது பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். அக்கா, அந்த அறையை நீ பார்க்க வேண்டும். சுவரெல்லாம் மெத்தை, உள்ளே இருப்பவரைப் பார்க்க ஒரு கண்ணாடி, கதவு ஒரு சாண் கனம், உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் போகாது. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தை வெளியே அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவன், சத்தத்தை உள்ளே விடாமல் காக்கிற இடத்தில் நின்றால் எப்படி இருக்கும். நான் ஒரு ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன், ஒரு வயரை லேசாக இழுத்துப் பார்த்தேன், மைக் இருந்ததால் கைப்பழக்கத்தில் அதையும் ஒரு தட்டுத் தட்டி, ஒன்று இரண்டு மூன்று சொன்னேன். உள்ளே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த பாப்பா துள்ளி எழுந்தாள். சோதனை செய்கிற அம்மா, அவரைச் சோதனைக்காரம்மா என்று வைத்துக்கொள்வோம், பொறுமைசாலி, என் கையைப் பிடித்துச் சுவரோரமாக நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தார். முதலில் பீப் பீப் என்று சத்தம் கொடுத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். பாப்பா பல சத்தத்துக்குச் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். அடுத்து, சோதனைக்காரம்மா ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, பாப்பா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி அவ்வளவு மெதுவாகப் பேசுவதை நான் என் தொழிலில் பார்த்ததே இல்லை. ஆனால் பாப்பா ஒரு வார்த்தை விடவில்லை. மரம் என்றால் மரம், கதவு என்றால் கதவு, வண்டி என்றால் வண்டி. எனக்குப் பெருமை நெஞ்சை முட்டியது.

சோதனைக்காரம்மாவுக்குப் பெருமை முட்டவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களைத் தனியே அழைத்து, சங்கடத்தோடு ஏதோ சொன்னார். உன் தம்பி பெண்டாட்டியின் முகம் கறுத்ததைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்தது. முதல் சோதனைப்படி இவளுக்கு இந்த வார்த்தைகள் கேட்கவே வழியில்லை, இரண்டாவதிலோ எல்லாம் கேட்டிருக்கிறது, இப்படி வந்தால் வழக்கமாகக் காது கேட்காத மாதிரி நடிக்கிறவர்கள் என்றுதான் எழுதுவோம், வீட்டில் ஏதாவது கட்டாயப்படுத்தினீர்களா என்றாராம். எனக்கு வந்ததே கோபம். "என் பொண்ணு நடிக்கறவளா?" என்று நான் போட்ட கூச்சல் மெத்தைச் சுவரையும் தாண்டிவிட்டது, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் பாப்பா அறையிலிருந்து வெளியே வந்து, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்து, நடந்ததை ஒரே பார்வையில் தெரிந்துகொண்டு, சிரிக்க ஆரம்பித்தாள். "மேடம், நீங்க வாய மறைச்சுக்கிட்டீங்க. உங்களுக்குப் பின்னாடி ரெண்டு பேர் நின்னு எல்லா வார்த்தையும் எனக்கு உதட்டுல சொல்லிட்டு இருந்தாங்களே, பாக்கலையா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம் அக்கா. உன் தம்பி பெண்டாட்டி பதற்றத்தில் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டால் சொல்லியிருக்கிறாள். நான் நேரே கண்ணாடியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்கே தெரியாது. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குச் சுவரேறிப் பிட்டுக் கொடுத்த அப்பன் ஆத்தாவாகத் தலைகுனிந்து நின்றோம். "முன்னாடியே ஏம்மா சொல்லல?" என்று சோதனைக்காரம்மா கேட்டார். "எனக்குப் பாக்காம இருக்கத் தெரியாது மேடம்" என்றாள் பாப்பா. "உதடு அசைஞ்சா கண்ணு தானா போயிடும்." சோதனைக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கெட்டிக்காரி இன்னொரு கெட்டிக்காரியைப் பார்க்கிற பார்வை அது. அப்புறம் எங்கள் இருவரையும் நடைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி சோதனை செய்தார். நடையில் நாங்கள், உன்னால்தான், உங்களால்தான் என்று சண்டை போட்டோம். கடைசியில் நான் பெருந்தன்மையாக, நேரே பார்த்துச் சொன்னவன் நான்தான், குற்றம் என்னுடையது என்று ஏற்றுக்கொண்டேன். உன் தம்பி பெண்டாட்டி ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மறுசோதனையில் பாப்பா பெரும்பாலான வார்த்தைகளைத் தவறவிட்டாள். நாங்கள் வந்த காரியம் அதுதான், அந்தக் காகிதம்தான் வேண்டும். ஆனாலும் அதைக் கையில் வாங்கியபோது உன் தம்பி பெண்டாட்டி, "நாம கூட இல்லாததால மார்க்கு எப்படிக் கொறைஞ்சிடுச்சு பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தோடு முடியவில்லை. அன்றாடம் என்னென்ன சிரமம் என்று வீட்டார் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். நான் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். இருக்கிற அழகான தமிழையெல்லாம் கொட்டி எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு நானும் பாப்பாவும் அந்தப் பிரிவின் அலுவலர் முன்னால் போய் உட்கார்ந்தோம். ஜன்னலோரம் காகிதக் கட்டுகள், மேஜையில் ஆறிப்போன டீ, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு பெண்மணி. அவர் முழுவதையும் படித்துவிட்டு நிமிர்ந்தார். இவரும் மெல்லப் பேசுகிற ஜாதிதான், ஆனால் வாயைத் திறந்து மெல்லப் பேசுகிறவர், அதனால் புரிந்தது. "சார், இதப் படிச்சா எனக்கே உங்க பொண்ணுகிட்ட ட்யூஷன் போகணும்போல இருக்கு. சிரமம்னு ஒரு வரிகூட இல்லையே."

"இல்லாததை எப்படி மேடம் எழுதறது? இவளுக்கு எல்லாம் தானா வந்துடும்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுப் பாப்பாவிடம், ஒரு வகுப்பு உனக்கு எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டார். பாப்பா என் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

"மத்தவங்க வகுப்புல கேக்கறாங்க மேடம். நான் கண்டுபிடிக்கறேன். சார் சொல்ற ஒரு வாக்கியத்துல ரெண்டு மூணு வார்த்தைதான் உதட்டுல தெரியும். மீதிய யோசிச்சு நிரப்பணும். நான் நிரப்பி முடிக்கறதுக்குள்ள அவர் அடுத்ததுக்குப் போயிடுவார். அதனால என்ன நடத்தப் போறார்னு முன்னாடியே படிச்சுட்டுப் போயிடுவேன், அப்பதான் எந்த வார்த்தை வரும்னு ஊகிக்க முடியும். வெளக்க அணைச்சா அன்னிக்கு அவ்வளவுதான். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் மெஷினக் கழட்டி வெச்சுட்டுப் படுத்துடுவேன். தூங்கறேன்னு வீட்ல நெனைப்பாங்க. தூக்கம் இல்ல, கண்ணும் தலையும் வலிக்கும். யார் மொகத்தையும் பாக்க முடியாது. அப்புறம், எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சிடுவேன். எதுக்குன்னு அப்புறமா யாரையாவது கேட்டுக்கலாம்னு நெனைப்பேன். கேக்க மாட்டேன்."

அக்கா, நான் எத்தனையோ மேடைக்கு மைக் கட்டியிருக்கிறேன். எவ்வளவோ பெரிய பேச்சாளர்களைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருத்தர் பேசியும் எனக்கு இப்படி உட்கார்ந்த இடத்தில் கால் மரத்துப் போனதில்லை. திறமை, திறமை என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அவளுடைய உழைப்பு. எதிர் வீட்டுச் சண்டையை நான் வேடிக்கையாகச் சொல்லச் சொன்னபோதெல்லாம் அவள் எனக்காக வேலை பார்த்திருக்கிறாள். அது தெரிந்தபோது என் மகளைப் பார்த்து எனக்குப் பெருமை குறையவில்லை. இத்தனை நாளும் பெருமைப்பட்டது போதவே போதாது என்றுதான் பட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்தது. "அப்ப என் ஜோக்குக்கும் நீ அப்படித்தான் சிரிக்கறியா?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன். "உங்க ஜோக்கு எனக்கு முழுசாப் புரியும்ப்பா. புரிஞ்சதுக்கப்புறம் சிரிக்கறதுதான் கஷ்டம்" என்றாள். அலுவலர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

போகும் முன் அவர் ஒன்று கேட்டார். "கேள்வி கேட்டது நான். நீ ஏம்மா அப்பாவப் பாத்தே பதில் சொன்ன?"

"அப்பாவுக்கும் தெரியணும்ல மேடம்" என்றாள்.

எனக்கு உருகிவிட்டது. எவ்வளவு பாசம் இருந்தால் ஒரு பெண் அந்த வார்த்தைகளை அப்பன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவாள். அலுவலர் என்னையும் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தார், தனியாக ஒரு சீட்டில் ஏதோ எழுதிப் பாப்பாவிடம் கொடுத்தார். என் எழுத்து நடையைப் பாராட்டித்தான் ஏதாவது எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுருக்கமாகச் சொன்னால், எல்லாம் கிடைத்தது. முன்வரிசை இடம், எழுதிக் காட்டுகிற கேள்வி, பாடக் குறிப்பு முன்கூட்டியே, படம் காட்டும்போது மேஜை விளக்கு, அறுவை வகுப்பில் வாய் தெரிகிற கண்ணாடி முகமூடி. பேசுகிறவர்கள் அவள் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும் என்பது முதல் வரி. மீசையைக் கத்தரிக்கச் சொல்ல மட்டும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று அலுவலர் வருத்தப்பட்டார். பாப்பாவும் அதைக் கேட்கக் கூச்சப்பட்டாள். ஆனால் அந்தக் காகிதம் பேராசிரியருக்குப் போன மறுநாள் அவர் வகுப்புக்கு வந்தபோது யாரோ புதியவர் என்று பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லையாம். மழமழ என்று வந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் நேரே முதல் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, "இப்ப தெரியுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவரைப் பற்றி மேலே எழுதியதற்காக இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாய்மொழித் தேர்வும் முடிந்தது. வெளியிலிருந்து வந்தவர் கேள்விகளை எழுதிக் காட்டி, பதில் வந்த வேகத்தில் தானே ஆர்வமாகி, பாடத்தில் இல்லாததையெல்லாம் எழுதி எழுதிக் கேட்டு, கடைசியில் அவருடைய பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பாப்பா முதல் வகுப்பில் தேறிவிட்டாள். நத்தையைப் பற்றியும் ஒரு கேள்வி வந்ததாம்.

ஆகவே அக்கா, நான் எழுதி வாங்கியது அவளுக்குக் காது கேட்காது என்று அல்ல. அவள் ஒருத்தியே இழுத்துக்கொண்டிருந்த வண்டிக்கு மற்றவர்களும் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன். உன் கோபம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். மாமாவுக்கு என் வணக்கம். உன் முழங்காலுக்கு என் அன்பான விசாரிப்பு. பேரப்பிள்ளைகள் படிப்பிலும் குறும்பிலும் ஓங்கி வளர என் ஆசிகள். இனி போனில் பேசும்போது கொஞ்சம் வாயைத் திறந்து பேசவும்.

இப்படிக்கு,
சத்தத்துக்கு ஒருநாளும் பஞ்சம் வைக்காத
உன் தம்பி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அந்த அலுவலர் பாப்பாவிடம் கொடுத்த சீட்டில் என் எழுத்து நடையைப் பற்றி ஒன்றும் இல்லை. "அப்பாவையும் அழைத்துப் போய்ப் பரிசோதிக்கவும்" என்று இருந்தது. தேர்வு முடியட்டும் என்று காத்திருந்து பாப்பா என்னை அதே மெத்தை அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதில் என் காது இரண்டும் பெரும்பாலும் போய்விட்டதாம். சோதனைக்காரம்மா அன்றைக்கு மைக்கில் பேசிய அளவுக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க முடியாதாம். அப்படியானால் நான் எப்படி உதட்டால் சொன்னேன் என்று கேட்டேன். உன் தம்பி பெண்டாட்டி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் ஏன் உங்க பக்கம் திரும்பி நின்னேன்னு நெனைக்கறீங்க? உங்களுக்குத்தான் சொல்லிட்டு இருந்தேன். டிவி முன்னாடி தெனமும் செய்யறது யாருக்காகன்னு நெனைச்சீங்க? நீங்க அத ஓரக்கண்ணால பாத்து அவளுக்குச் சொன்னீங்க. அவ நம்ம ரெண்டு பேரையும் படிச்சிட்டா." பாப்பா தலையாட்டினாள்.

ஆகவே மேலே நான் எழுதியதில், நீ போனில் வாய்க்குள் பேசுகிறாய் என்றதை அடித்துவிடவும். எழுத்தர் கோந்து தின்றவர் என்றதை அடித்துவிடவும். சோதனைக்காரம்மாவின் மைக்கைப் பற்றிச் சொன்னதையும், நாங்கள் சுகம் என்று ஆரம்பத்தில் எழுதியதையும், குற்றத்தைப் பெருந்தன்மையாக ஏற்றேன் என்பதில் பெருந்தன்மையை மட்டும் அடித்துவிடவும். அலுவலர் அறையில் பாப்பா என்னைப் பார்த்துப் பேசியது பாசம் என்று எழுதியிருந்தேன். அதை அடிக்க வேண்டாம். என் முகத்துக்கு நேரே பேசினால்தான் எனக்குப் புரியும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்கு ஒத்தாசை பண்றோம்னு நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அத எடுக்க மனசு வரலப்பா" என்றாள். கல்லூரி கொடுத்த வசதியையெல்லாம் அவள் எனக்குப் பல வருஷமாக, ஒரு காகிதமும் கேட்காமல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று எனக்கும் மெஷின் மாட்டினார்கள். வெளியே வந்ததும் பாப்பா வழக்கம்போல் பேச வாயெடுத்தாள், நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் குரலைப் பாதியாக இறக்கி, "இப்படிப் பேசினாப் போதுமாப்பா?" என்று கேட்டாள். அவள் குரல் இவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியவே தெரியாது அக்கா.